காத்திருக்க முடிந்தவர் சொல்லும் விலை

சென்னையில் அடுக்குமாடி வீடு விற்கும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு ஒரு தாள்தான் பஞ்சாங்கம். ஸ்டாக் ஷீட் என்போம். குறுக்கே வீட்டு எண்கள், நெடுக்கே மாடிகள். விற்ற வீட்டுக்கு ஒரு நிறம், டோக்கன் வாங்கிய வீட்டுக்கு ஒரு நிறம், விற்பனைக்கு இருப்பதற்கு ஒரு நிறம். நான்காவதாக ஒரு நிறம் உண்டு. அந்தக் கட்டங்களில் ‘ஹோல்டு’ என்று எழுதியிருக்கும். அந்த வீடுகள் விற்கப்படவும் இல்லை, விற்பனைக்கும் இல்லை. நிர்வாகம் சொல்லும் நாள்வரை அவை வெளியே வராது. வீடு பார்க்க வரும் குடும்பத்துக்கு இந்தத் தாளை யாரும் காட்டுவதில்லை. “கிழக்குப் பார்த்த வீடு இரண்டே இரண்டுதான் மிச்சம்” என்று அவர்களிடம் சொல்லப்படும்போது, அந்த இரண்டு என்பது வெளியே விட்டவற்றில் இரண்டு. வீட்டு விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டால் சிமெண்ட், கம்பி, மணல், கூலி, நிலம் என்று பட்டியல் நீளும். எல்லாமே உண்மையான செலவுகள்தான். ஆனால் தொழிலின் உள்ளே இருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விலையை இறங்கவிடாமல் தாங்கிப் பிடிப்பது அந்த நான்காவது நிறம் என்று தெரியும். எத்தனை வீடு, எந்த மாதம், எந்த வரிசையில் சந்தைக்கு வரும் என்பதை முடிவு செய்யும் உரிமை பில்டரிடம் இருக்கிறது. லாபத்தின் பெரும்பகுதி அந்த உரிமையிலிருந்து பிறக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

விற்பனை நடக்கும் முறையைப் பார்த்தாலே இது புரியும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 2017 மே மாதம் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டினால், பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. பதிவு எண் கிடைத்ததும் லான்ச். இருநூறு வீடுகள் கொண்ட திட்டம் என்றால் முதல் சுற்றில் முப்பது, நாற்பது வீடுகள்தான் வெளியே வரும். அவை பெரும்பாலும் கீழ்மாடிகளும், வாஸ்துப்படி கேட்பாரில்லாத திசைகளும். அறிமுக விலையில் அவை வேகமாகப் போகும். உடனே சதுரடிக்கு நூறோ இருநூறோ ஏற்றி அடுத்த அடுக்கு திறக்கப்படும். மூலை வீடு, பூங்காவைப் பார்த்த பால்கனி, உயர்ந்த மாடி ஆகியவை கடைசிவரை ஹோல்டில் இருக்கும். முதல் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் இடையில் கம்பி விலை ஏறியிருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். விலைப்பட்டியல் அதைப் பார்த்து மாறுவதில்லை. இதற்குமுன் திறந்த வீடுகள் எவ்வளவு வேகமாகப் போயின என்பதைப் பார்த்தே அது மாறுகிறது. விற்பனை வேகமாக இருந்தால் விலையை ஏற்றுவோம். மந்தமாக இருந்தால் விலையை இறக்க மாட்டோம், திறப்பதைக் குறைப்போம். தொழிலின் அடிப்படைப் பாடம் இந்த இரண்டு வாக்கியங்கள்தான்.

ஏன் இறக்குவதில்லை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. விளக்கத்துக்காக முழு எண்களாகவே எடுத்துக்கொள்வோம். சதுரடி 8,000 ரூபாய்க்கு விற்கும் வீட்டில் கட்டுமானத்துக்கு 3,000, அனுமதிக் கட்டணம், வட்டி, விளம்பரம், நிர்வாகம் எல்லாம் சேர்த்து 1,000, நிலத்துக்கு 2,500, லாபம் 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. விற்கும் விலை 10 சதவீதம், அதாவது 800 ரூபாய் ஏறினால், செலவு எதுவும் ஏறாததால் அந்த 800 முழுவதும் லாபத்தில் போய்ச் சேரும். 1,500 என்பது 2,300 ஆகும். வாங்குபவர் பார்ப்பது 10 சதவீத ஏற்றம். பில்டர் பார்ப்பது 53 சதவீத ஏற்றம். இதே கணக்கு திரும்பியும் அடிக்கும். விலை 10 சதவீதம் இறங்கி, பில்டர் தன் லாபத்தை விட்டுக்கொடுக்காமல் அடுத்த நிலத்தைத் தேடினால், நிலத்துக்கு அவரால் தர முடிந்தது 2,500-லிருந்து 1,700-க்கு வந்துவிடும். அதாவது 32 சதவீதச் சரிவு. அவர் கையில் இன்னும் கட்டாத நிலம் இருந்தால் அதன் மதிப்பும் ஏட்டில் அவ்வளவு சரிகிறது. அந்த நிலத்தை அடமானமாகப் பிடித்துக் கடன் கொடுத்தவர் மறுநாளே தொலைபேசியில் வருவார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முன்பு சொன்ன இருநூறு வீடுகளில் 160 விற்று 40 தேங்கி நிற்கின்றன என்போம். ஆயிரம் சதுரடி வீடு, 80 லட்சம். பத்து சதவீதம் குறைத்தால் வீட்டுக்கு எட்டு லட்சம். நாற்பது வீட்டுக்கு 3 கோடியே 20 லட்சம். நட்டம் அவ்வளவோடு நின்றுவிட்டால் பல பில்டர்கள் குறைத்துவிடுவார்கள். ஆனால் முழு விலை கொடுத்த 160 குடும்பங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்கும். அவர்களில் இன்னும் தவணை கட்ட வேண்டியவர்கள் அதைக் கட்டாமல் நிறுத்தி வைப்பார்கள். பக்கத்துத் தெருவில் ஆரம்பிக்க இருக்கும் அடுத்த திட்டத்துக்கு, குறைத்த விலையே தொடக்க விலையாகிவிடும். எனவே விலை நிற்கும், சலுகைதான் வரும். மாடுலர் கிச்சன், கார் பார்க்கிங், பத்திரச் செலவு, தங்க நாணயம், சாவி கையில் வரும்வரை இ.எம்.ஐ. இல்லை என்கிற திட்டம். கடைசியாகச் சொன்ன வகையில் பில்டர் வட்டி கட்டுவதாகச் சொல்லி வாங்குபவர் பெயரில் கடனை முன்கூட்டியே எடுத்துவிடுவார். இது எவ்வளவு ஆபத்தானது என்பது தெரிந்தபிறகு 2019 ஜூலையில் தேசிய வீட்டுவசதி வங்கி, வீட்டுக்கடன் நிறுவனங்களை இத்திட்டங்களிலிருந்து விலகியிருக்கச் சொன்னது. இந்தச் சலுகைகள் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: உண்மையில் விலை இறங்கியிருந்தாலும் பத்திரத்திலும் பட்டியலிலும் அது தெரியக் கூடாது.

இது வெறும் கணிப்பு என்று நினைப்பவர்கள் 2016-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட காலத்தைத் திரும்பிப் பார்க்கலாம். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம். அடுத்த ஆண்டு ரெராவும் ஜி.எஸ்.டி.யும். 2018 செப்டம்பரில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியதும், பில்டர்களுக்குக் கடன் கொடுத்துவந்த நிதி நிறுவனங்களின் கை இறுகியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. நாட்டின் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் விற்காத வீடுகள் குவிந்தன. வேறு எந்தச் சரக்காக இருந்தாலும் விலை விழுந்திருக்கும். வீட்டு விலையோ பல இடங்களில் நின்ற இடத்திலேயே நின்றது. 2020-இல் மத்திய அமைச்சர் பியூஷ் கோயல் பில்டர்களிடம், காத்திருப்பதை விட்டு விற்றுவிடுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருந்தது. தேங்கிய சரக்கின் விலையைக் குறையுங்கள் என்று ஓர் அமைச்சர் கேட்க வேண்டிய நிலை வருகிறது என்றால், அந்தச் சந்தையில் விலை தானாக இறங்கும் வழி அடைபட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. மறு ஆண்டு மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் வேண்டியவை. காலி வீடுகள் எல்லாம் பில்டர்களுடையவை அல்ல. முதலீடாக வாங்கிப் பூட்டி வைத்தவர்களுடையவையும், வாடகைக்கு விடத் தயங்குபவர்களுடையவையும் அதில் நிறைய உண்டு. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எவ்வளவு கட்டுவது என்பதோடு, யாருக்குக் கட்டுவது என்பதும் பில்டர் கையில் இருக்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுரடி மனையில் எந்த வகை வீடு அதிக லாபம் தருமோ அந்த வகைதான் எழும். தேவை அதிகமுள்ள இடத்துக்குச் செங்கல் தானாகப் போவதில்லை.

சரி, காத்திருக்க ஒருவருக்கு எங்கிருந்து பலம் வருகிறது? சரக்கு தேங்கினால் வட்டி ஏறுமே என்று எவரும் கேட்பார்கள். இதற்கான பதில் பணம் வரும் வழியில் இருக்கிறது. சென்னையில் பெரும்பாலான அடுக்குமாடிகள் ஜாயிண்ட் வென்ச்சரில் எழுபவை. நில உரிமையாளர் நிலத்தைக் கொடுப்பார். கட்டியபின் பாதியோ அதற்குக் கூடவோ குறையவோ பங்கு எடுத்துக்கொள்வார். பில்டருக்கு நிலத்தில் முடங்கும் பணம், திரும்பப் பெறும் வைப்புத்தொகை மட்டும்தான். கட்டும் செலவில் பெரும்பங்கு, அஸ்திவாரம், ஒவ்வொரு தளம் என்று தவணை கட்டும் வாடிக்கையாளர்களுடையது. அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. ஆக, முதல் நூறு குடும்பங்கள் கட்டிய பணத்தில்தான் கடைசி ஐம்பது வீடுகள் விலை ஏறும்வரை காத்திருக்கின்றன. ரெராவுக்கு முன்னால் ஒரு திட்டத்து வாடிக்கையாளரின் பணம் அடுத்த திட்டத்துக்கு நிலம் வாங்கவும் போனது. வசூலாகும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, வேலை முடிந்த அளவுக்கே எடுக்க வேண்டும் என்ற விதி அந்தக் கதவைப் பெருமளவு மூடியது. ரெரா செய்த பெரிய நன்மைகளில் இது ஒன்று. ஆனால் கட்டி முடிப்பதற்குக் கெடு வைத்த சட்டம், விற்று முடிப்பதற்குக் கெடு வைக்கவில்லை. வரிச் சட்டமும் காத்திருப்பவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. அரசின் வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து விற்றால், விற்காத விலைக்கு விற்றதாகக் கருதி பில்டருக்கு வரி விழும். கட்டி முடித்தும் விற்காத வீட்டுக்கு வாடகை வருவதாகக் கருதி வரி போடும் விதி 2017-இல் வந்தது. அதற்கு விடப்பட்ட ஓராண்டு விலக்கு 2019-இல் இரண்டு ஆண்டாக நீட்டப்பட்டது.

சென்னையில் நூற்றுக்கணக்கான பில்டர்கள் இருக்கிறார்களே, ஒருவர் அதிக விலை சொன்னால் அடுத்தவரிடம் போகலாமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் வாங்குபவர் சென்னை முழுவதிலும் தேடுவதில்லை. வேலை சிறுசேரியில், குழந்தையின் பள்ளி நாவலூரில், பட்ஜெட் 80 லட்சம் என்றால், அவர் முன்னால் இருப்பது மூன்று, நான்கு திட்டங்கள். அந்த நான்கு அலுவலகங்களும் ஒன்றின் விலைப்பட்டியலை மற்றொன்று வாராவாரம் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. யாரும் யாருடனும் பேசி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. குறைத்தால் எல்லோருக்கும் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பில்டர்கள் பலர்மீது கூட்டுச்சதிப் புகார் வந்தபோது, அப்படி ஓர் உடன்பாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல் முடித்தது. ஒரே பகுதியில் ஒருவர் கை ஓங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் குருகிராம் சாட்சி. டி.எல்.எஃப். நிறுவனம் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2011 ஆகஸ்டில் இதே ஆணையம் 630 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 19 மாடி என்று சொல்லி விற்ற கட்டடம் 29 மாடியாக உயர்ந்தது அந்த வழக்கின் ஒரு பகுதி. நிலமும் பொது இடமும் அதே அளவு. பங்கு போடத்தான் ஆட்கள் கூடினார்கள். சப்ளையைக் கட்டுப்படுத்தி விலையைப் பிடிப்பது என்றால் என்ன என்பது கட்டுமானத் துறைக்குப் புதிதும் அல்ல. சிமெண்ட் நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றுவதாக ஆணையத்திடம் புகார் கொடுத்ததே இந்தியக் கட்டுநர் சங்கம்தான். 2012-இல் அந்த நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. சிமெண்ட் மூட்டைக்குப் பொருந்தும் நியாயம் வீட்டுக்கும் பொருந்தத்தான் வேண்டும்.

எங்கள் தொழில் தரப்பிலிருந்து வரும் வலுவான பதில் வேறு. தட்டுப்பாட்டுக்குக் காரணம் அரசு; அனுமதி தாமதம், மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எஃப்.எஸ்.ஐ. கட்டுப்பாடு, சாலையும் குடிநீரும் இல்லாத நிலம். இவற்றைச் சரிசெய்தால் வீடு பெருகும், விலை இறங்கும் என்பது வாதம். இதில் பாதி உண்மை. ஆறு மாதத்தில் முடிய வேண்டிய அனுமதி ஒன்றரை ஆண்டு இழுத்தால் அந்த வட்டியும் வாங்குபவர் தலையில்தான் விழும். ஆனால் அனுமதி பெற்ற நிலத்திலும் வீடு வேகமாக எழுவதில்லை என்பதை பிரிட்டனில் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். அரசு கேட்டுக்கொண்டபடி நாடாளுமன்ற உறுப்பினர் ஆலிவர் லெட்வின் 2018-இல் பெரிய திட்டங்களை எடுத்துப் பார்த்தார். அவர் பார்த்த திட்டங்களைக் கட்டி முடிக்கும் காலத்தின் இடைநிலை அளவு பதினைந்தரை ஆண்டு. சந்தை விலையைக் கலைக்காமல் எத்தனை வீடு விற்க முடியுமோ அத்தனைதான் ஆண்டுதோறும் கட்டப்படுகிறது என்பது அவர் கண்ட முடிவு. எஃப்.எஸ்.ஐ. விஷயத்திலும் இதே பாடம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5-ஆக இருந்ததை 2 ஆக்கின. உயர் கட்டடங்களுக்கு 3.25 தந்தன. அதே மனையில் கூடுதலாகக் கட்டலாம் என்றால் வீட்டு விலை குறைய வேண்டும். நடைமுறையில், கூடுதலாக எத்தனை சதுரடி கிடைக்கும் என்று நில உரிமையாளரும் கணக்குப் போடத் தெரிந்தவர்தான். அதற்கேற்பத் தன் பங்கையோ விலையையோ கூட்டிக் கேட்பார். அனுமதி கூடினால் முதலில் ஏறுவது நிலத்தின் விலை. கட்டுவதற்கான உரிமையோடு, குறித்த காலத்துக்குள் கட்டி விற்கும் கடமையும் சேர்ந்து வந்தால்தான் அது வீடாக மாறும்.

இவ்வளவு பலம் இருந்தால் பில்டர்கள் ஏன் திவாலாகிறார்கள் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நொய்டாவில் ஆம்ரபாலி, ஜேப்பி நிறுவனங்களின் திட்டங்களில் பணம் கட்டிப் பல்லாயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தவித்தன. ஆம்ரபாலியின் ரெரா பதிவையே உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் ரத்து செய்தது. பாதியில் நின்ற திட்டங்களை முடிக்க மத்திய அரசு அதே ஆண்டு நவம்பரில் 25,000 கோடி ரூபாய் நிதியம் அறிவித்தது. இவையெல்லாம் என் வாதத்தை மறுப்பதாகத் தோன்றலாம். எனக்கு அவை அதை உறுதிசெய்வதாகவே தெரிகின்றன. காத்திருப்புக்கு விலை உண்டு. கடன் வாங்கி நிலத்தைக் குவித்து, விலை ஏறும் என்ற நம்பிக்கையில் ஒரே நேரத்தில் பல திட்டங்களைத் திறந்தவர்களால் அந்த விலையைக் கொடுக்க முடியவில்லை. விழுந்தவர்களின் நிலத்தையும் பாதித் திட்டங்களையும் வாங்கியவர்கள், கையில் ரொக்கமோ குறைந்த வட்டிக் கடனோ உள்ள பெரிய நிறுவனங்கள். ஒவ்வொரு நெருக்கடிக்குப் பிறகும் காத்திருக்க முடியாதவர்கள் களத்தைவிட்டுப் போகிறார்கள், முடிந்தவர்கள் மிஞ்சுகிறார்கள். அதனால் நெருக்கடி வந்தால் விலை இறங்கும் என்று காத்திருந்த குடும்பம், நெருக்கடி முடிந்ததும் முன்பைவிடப் பிடிவாதமான விற்பனையாளர் முன்னால் நிற்கிறது.

சென்னை இந்த விலைப் பிடிவாதத்திலிருந்து ஓரளவு தப்பியதற்குக் காரணங்கள் உண்டு. மயிலாப்பூரிலும் மடிப்பாக்கத்திலும் இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு கட்டும் சிறு பில்டரால் ஹோல்டு போட முடியாது. தன் பங்கு நான்கு வீட்டை விற்றால்தான் அடுத்த வேலைக்குக் கம்பி வாங்க முடியும். இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதியில் பெரிய நிறுவனமும் விலையில் கொஞ்சம் நிதானமாகவே நடக்கும். இன்னொரு காரணம் முன்பு அரசே முன்னின்று கொடுத்த இடம். 1961-இல் அமைந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் என்று முழுப் பகுதிகளையே உருவாக்கியது. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதி செய்த சிறு மனைகள் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. குடும்பங்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டன. அந்த மனைகளை யாரும் ஹோல்டு போடவில்லை. வாரியம் கொடுப்பது குறையக் குறைய, அந்த இடத்தைப் பிடித்தது தனியார் விலைப்பட்டியல்தான். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசு முடிவெடுத்தபோது, இதே வாய்ப்பு மீண்டும் வந்தது. அந்தப் புதிய பரப்பில் அரசு முன்கூட்டியே மனைப் பிரிவுகள் போடாவிட்டால், சாலை வருமுன் நிலத்தை வளைத்துப் போட்டவர்கள் அதையும் சொட்டுச் சொட்டாகத்தான் விற்பார்கள்.

காத்திருப்புக்கு விலை வைப்பது நடக்காத காரியம் அல்ல. சிங்கப்பூரில் குடியிருப்புத் திட்டத்துக்கு நிலம் வாங்கும் நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டி, எல்லா வீடுகளையும் விற்று முடிக்க வேண்டும். தவறினால் நில விலையின்மேல் கூடுதல் முத்திரைத் தீர்வையை வட்டியோடு கட்ட வேண்டும். 2011-இல் வந்த இந்தத் தீர்வை 2021 டிசம்பரில் 35 சதவீதம்வரை உயர்த்தப்பட்டது. கெடு நெருங்கும்போது அங்கே பில்டர்கள் விலையைக் குறைத்தாவது கடைசி வீடுகளைத் தள்ளிவிடுகிறார்கள். ஹாங்காங்கில் வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதைப் பற்பசையைப் பிதுக்குவது என்றே மக்கள் சொல்வார்கள். 2013-இல் நடைமுறைக்கு வந்த அவர்களின் சட்டப்படி முதல் விலைப்பட்டியலில் குறைந்தபட்ச எண்ணிக்கையில் வீடுகள் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு விற்பனையும் 24 மணி நேரத்தில் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். கெடு வைத்தால் பில்டர்கள் கட்டுவதையே குறைத்துவிடுவார்கள் என்று இங்கே பயமுறுத்துவார்கள். கட்டாமல் கெடுவிலிருந்து தப்ப முடியும் என்ற நிலை இருந்தால் அது நடக்கும். கெடு நிலத்தை வாங்கும் நாளிலிருந்தே ஓடத் தொடங்கினால், கட்டாமல் வைத்திருப்பதும் செலவுதான். நிலத்துக்கு அளவுக்கு மீறி விலை கொடுப்பதும் அப்போதுதான் நிற்கும்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வரும்வரை காத்திராமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை வீடுகள் புக்கிங் ஆகியிருக்கின்றன என்பதை ரெரா இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் மீதி தெரியும். அந்த மீதியில் விற்பனைக்குத் திறந்தவை எத்தனை, நிறுத்தி வைத்தவை எத்தனை, விற்றவை என்ன விலைக்குப் போயின என்பது தெரியாது. அந்த மூன்று விவரங்களையும் வீட்டு எண் வாரியாக ஏற்றச் சொன்னால் போதும். எந்த பில்டருக்கும் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. ஸ்டாக் ஷீட் தயாராகவே இருக்கிறது. இருபது ஆண்டுச் சம்பளத்தை அடகு வைத்து வீடு வாங்க வரும் குடும்பம், நாங்கள் தினமும் காலையில் பார்க்கும் அதே தாளைத் தானும் பார்த்துவிட்டு விலை பேச உட்காரட்டும்.